பூக்காரி பாட்டின் மூன்றாவது சரணம்

10 செப். 99, வெள்ளி

புழுக்கம். மேகம் கட்டிக் கலைந்தது, ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் லாரி பத்து மணிக்கு. ஏழு குடம். எதிர்வீட்டுக்காரி எட்டு. எண்ணினேன்.

செய்ய வேண்டியது:
பனங்கற்கண்டு, மிளகு வாங்க.
கண்ணாடிக் கால் ஒடிந்தது. நூல் சுற்றியாயிற்று. போதும்.
தயிர், மோர் 19 வரை தொடக் கூடாது.
ரவிக்கை. மகள் வசந்தி தைத்த கை சரியில்லை. பிரித்து நானே தைக்க.

19 ஞாயிறு அடையாறில் மேடை. எனக்கு அறுபத்தேழு. முதல் மேடை.

எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். பிற்பாடு எவரும் தங்களால்தான் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை சேகர் தி.நகரில் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறார். நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. போன வருஷம் மழைக்காலத்தில் கடையில் ஆளே இல்லை. சாப்பாடு கொண்டுபோன நான் சும்மா உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். டேப்பில் பிடித்து இன்டர்நெட்டில் என் பேரிலேயே ஒரு பக்கம் போட்டுவிட்டார். ‘ஜெகதா நாடகப் பாட்டு’. அன்று முதல் வாரம் ஒரு பாட்டு. வரிகளை நான் சொல்வேன், அவர் அடிப்பார். டொரண்டோவில் கேட்கிறார்களாம், சிங்கப்பூரில் கேட்கிறார்களாம். ஒரு பாட்டு இறங்க அரைமணி ஆகுமாம். உட்கார்ந்து காத்திருந்து கேட்கிறார்களாம்.

பக்கத்தின் அடியில் வருகைப் புத்தகம் என்று ஒன்று. வந்தவர்கள் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம். பாதிப் பேர் ‘பாட்டி’ என்று எழுதுகிறார்கள். எனக்குப் பேர் இருக்கிறது. மேலேயே போட்டிருக்கிறது.

அடையாறு பத்மநாபன் அதைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர். பேங்க் வேலை. ஆபீஸ்காரர்களாகச் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். ‘கொன்றைவல்லி’யைப் பழையபடி பாட்டோடு போட வேண்டும் என்றார். அதற்குப் புத்தகம் கிடையாது. பக்கத்துக் கம்பெனி திருடிவிடும் என்று எங்கள் நாடகக் கம்பெனி வாத்தியார் அச்சடிக்கவே விடவில்லை. மொத்தமும் என் தலையில் இருக்கிறது. இருபத்திரண்டு பாட்டு, வசனம், யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்பது வரை. எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டேன். கடைசி சீன் பூக்காரி வேஷம் எனக்கு. இழுத்தார். இரண்டு நாள் கழித்துச் சரி என்றார். அந்த இரண்டு நாளை மறக்கவில்லை.

11, சனி

ஒத்திகை. பஸ்ஸில் நின்றுகொண்டே. இடம் கொடுக்காதவன் கட்டம் போட்ட சட்டை.

கடைசி சீனில் பத்மநாபன் நிறுத்திவிட்டார். ராஜா அவர்தான். கதை இது: ராஜா சந்தேகப்பட்டு ராணி கொன்றைவல்லியைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறான். பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் கந்தல் கட்டிக்கொண்டு, பூ விற்கிறவளாக அரண்மனை வாசலில் வந்து பாடுகிறாள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து கையைப் பிடிக்கிறான். அவள் தூண் மறைவில் போய்ப் பச்சைப் பட்டு உடுத்தி ராணியாகத் திரும்புகிறாள். சுபம்.

“எல்லாம் சரிம்மா, ராஜா எப்படிக் கண்டுபிடிக்கறார்? எவளோ ஒருத்தி பூ விக்கறா, ரெண்டு சரணம் பாடறா, உடனே இறங்கி வந்துடறாரே. ஜனங்களுக்குப் புரியணுமோல்லியோ.”

“குரலாலே.”

“வெறும் குரலாலயா?”

“கட்டின பொண்டாட்டி குரலு தெரியாதா ஒருத்தருக்கு? தெரியலனா அவன் இன்னா ராஜா?”

“நான்தான் ராஜா. பாத்துண்டு பேசுங்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு பாட்டில் இந்த ஒரு பாட்டைத்தான் பதினொரு வயதிலிருந்து தினமும் வாய்க்குள் பாடுகிறேன். பாத்திரம் தேய்க்கும்போது, பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும். யார் என்று சொல்லாமல், எதையும் காட்டாமல், வெறும் குரலுக்கு ஒருத்தன் இறங்கி வருகிறான். அதற்காகத்தான்.

13, திங்கள். பிள்ளையார் சதுர்த்தி

களிமண் பிள்ளையார். போன வருஷத்தைவிடத் தொப்பை சின்னது, விலை மட்டும் பெரியது. கொழுக்கட்டை முப்பத்தொன்று. நாலு வெடித்துவிட்டது. வசந்தி மாவு கிளறினது.

மாப்பிள்ளை மத்தியானம் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அத்தே, கோச்சுக்காதீங்க. வருகைப் புத்தகத்துல ஒண்ணு வந்துகீது.”

அதில் இருந்தது அப்படியே: ‘பூக்காரி பாட்டு கேட்டேன். தப்பு. மூன்று சரணம் உண்டு. மூன்றாவது இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை. கமலவேணி, கொட்டிவாக்கம். மருமகள் அடித்தது.’

கமலவேணி. இன்னும் இருக்கிறாள்.

அவளைப் பற்றி எழுதிவிடுகிறேன். கம்பெனி மயிலாப்பூரில் கொட்டகை போட்ட ஆறு மாதமும் அவள்தான் கொன்றைவல்லி. பதினேழு வயது. என் அம்மா மங்கம்மா கம்பெனிக்குத் துணி தைக்கிறவள், நான் அம்மாவுக்குக் கையாள். ஒருநாள் வாத்தியார் நான் பாடுவதைக் கேட்டுவிட்டு, தோழி வேஷத்துக்கு இந்தப் பெண்ணைப் போடலாம் என்றார். செவ்வாய்க்கிழமை. அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கமலவேணி முகத்தில் பாதி பவுடரோடு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: “துணி தைக்கிறவ பொண்ணு மேடைக்கு வந்துட்டா துணியை எடுத்துக் குடுக்கிறது யாரு?” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதோடு முடிந்தது. ஐம்பத்தாறு வருஷம்.

இப்போது என் பக்கத்தில் வந்து தப்பு என்கிறாள்.

“இன்னா அத்தே, பதில் எதனா அடிக்கட்டா?”

“வேணாம்.”

“தூக்கிடட்டா?”

“இருக்கட்டும். ஊரே பாக்கட்டும். பொய்யின்னு நான் காட்டறேன்.”

கொழுக்கட்டை சாப்பிடவில்லை.

14, செவ்வாய்

சாயங்காலம் தூறல். கொடியில் இருந்த துணியை ஓடிப் போய் எடுத்தேன். அதற்குள் பாதி நனைந்தது.

கடைக்குப் போன் வந்தது. பத்மநாபன். வருகைப் புத்தகத்தை அவரும் பார்த்துவிட்டார். எல்லாரும்தான் பார்க்கலாமே, அதுதான் இந்த இன்டர்நெட்டின் லட்சணம்.

“ஒரு யோசனைம்மா. தப்பா எடுத்துக்காதேங்கோ. அவாளே இருக்கான்னா, பூக்காரிக்கு அவாளையே கேட்டுப் பாக்கலாமோன்னு. ஒரிஜினல் கொன்றைவல்லின்னு நோட்டீஸ்ல போட்டா கூட்டம் வருமே. உங்களுக்கு முன்னுரை மாதிரி ஏதாவது...”

“நான் முன்னுரை இல்ல.”

“ஐயோ, அப்படிச் சொல்லலை...”

“வியாழக்கெழமை வரைக்கும் பொறுங்க.”

போனை வைத்தேன். மாப்பிள்ளை ஒரு சோடா வாங்கி வந்தார். தொண்டை என்று குடிக்கவில்லை.

நாளைக்குக் கொட்டிவாக்கம் போகிறேன்.

15, புதன்

வெயில். போகும்போது ஆட்டோ.

“இன்னா ஆயா, பீச்சு காத்து வாங்கவா?”

“சண்டை போட.”

“அப்ப வெயிட் பண்ணட்டா, ரிட்டன் சீக்கிரமா இருக்கும்.”

மகன் வீடு. மாடி வீடு. மருமகள் பெருங்குடிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அவள்தான் ஆபீசில் பாட்டை இறக்கி டேப்பில் கொண்டுவந்து போட்டுக் காட்டினாளாம். அவள் வீட்டில் இல்லை. கமலவேணி பிளாஸ்டிக் நாற்காலியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள். கால் இரண்டும் வீங்கி. மூக்கு மட்டும் அதே மூக்கு.

“யாரு?”

“ஜெகதா. மங்கம்மா பொண்ணு.”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “பச்சைச் சேலை! அந்தக் குட்டியா நீ? உக்காரு.”

உட்காரவில்லை. அந்தக் காலத்தில் அக்கா என்று கூப்பிடுவேன். இன்றைக்குக் கூப்பிடவில்லை.

“பாட்டு தப்புன்னு எழுதினீங்களே, எது தப்பு?”

“மூணு சரணம். நீ ரெண்டு பாடிருக்க.”

“ரெண்டுதான். ஆறு மாசம் தெனமும் கேட்டிருக்கேன்.”

“நீ எங்கடி கேட்ட?” கீரையைக் கீழே வைத்தாள். “ரெண்டாவது முடிஞ்சதும் பச்சைச் சேலைய வாரிக்கிட்டு மேடைக்குப் பின்னால இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் ஓடுவ. நான் தூணுக்குப் பின்னால வரும்போது நீ சேலையோட அங்க நிக்கணுமில்ல? பலகையெல்லாம் தடதடன்னு அதிரும். மூணாவது சரணத்த தெனமும் உன் தடதடப்போடதான் ஆரம்பிப்பேன். அந்தக் குட்டிய மெதுவா ஓடச் சொல்லுங்கன்னு வாத்தியார்கிட்ட எத்தனை தரம் சொல்லிருக்கேன் தெரியுமா?”

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

ஓடினேன். ஆமாம், ஓடினேன். பட்டு கனம், இரண்டு கையும் போதாது. வாயில் ஊசி. விளக்குப் பிடிக்கிறவன் காலை நீட்டிக்கொண்டு இருப்பான், தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் போய் உதறி மடிப்பு எடுப்பதற்குள் அவள் வந்துவிடுவாள். நடுவில் காதில் விழுந்தது என் காலடியும் என் மூச்சும்தான்.

அவள் பாடினாள். கேட்காமலே பாடினாள். குரல் இல்லை, காற்றுதான் வருகிறது. ஆனால் தாளம் தப்பவில்லை.

கொன்றை தொடுத்த கை நானல்லவோ – எனைக்
கொண்டவரே முகம் மறந்ததுவோ
காட்டில் விட்டீரே கண்ணாரப் பாரும் – நீர்
கட்டிய தாலி இதுவல்லவோ

இரண்டு தடவை பாடச் சொன்னேன். ரசீதுக்குப் பின்னால் எழுதிக்கொண்டேன்.

வந்ததே வந்தோம் என்று அதையும் கேட்டேன். தோழி வேஷம், துணி தைக்கிறவ பொண்ணு, எல்லாம். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

“சொல்லிருப்பேன். சேலை வரலைன்னா மேடையில அம்மணமாவா நிக்கறது?”

இதற்குத்தானா. இவ்வளவுக்குத்தானா ஐம்பத்தாறு வருஷம்.

பத்மநாபன் அவளைப் பாட வைக்க நினைப்பதைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் சிரித்தாள், இருமல் வந்தது.

“எனக்கு எதுக்கு? அது வேலைடி எனக்கு. வேலைய விட்டு அம்பது வருஷம் ஆச்சு, மறுபடியும் கூப்பிட்டா போவாங்களா? உனக்குத்தான் ஆசை. நீ பாடு. ஒழுங்கா பாடு.”

வேலையாம். இதையும் குறித்துக்கொள்கிறேன்.

திரும்ப பஸ். கீரை ஒரு கட்டு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், கீரை என்ன செய்தது.

16, வியாழன்

கீரைப் பொரியல். நன்றாகத்தான் இருந்தது.

காலையில் ஒரு யோசனை வந்தது. மூன்றாவது சரணம் இல்லவே இல்லை, கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டால்? பத்மநாபன் நம்புவார். டொரண்டோ நம்பும். அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதுமே, எனக்குச் சோறு இறங்காது.

கடைக்குப் போய் நானே போன் பண்ணினேன். நான்தான் தப்பு என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது மாப்பிள்ளை கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு சரணத்தைப் பாடினேன்.

“அம்மா, இப்பதான் சீன் நிக்கறது. தாலியைக் காட்டினப்புறம்னா ராஜா இறங்கி வரார்! அவா பாடலையாமா?”

“அவங்களுக்கு முடியாது. நான்தான்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள பாடம் ஆயிடுமா?”

“எனக்கா?” என்றேன்.

நல்ல சீன்தான். ஜனங்களுக்குப் புரியும். ஆனால் அவன் குரலைக் கேட்டு வரவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லி, காட்டில் விட்டதை ஞாபகப்படுத்தி, தாலியைத் தூக்கிக் காட்டின பிறகுதான் வந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் நான் பாடி ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். வசந்தி வயிற்றில் இருந்த வருஷம். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டு இந்தப் பாட்டைத்தான் பாடினேன். உள்ளே இருந்து கத்தினார்: “பக்கத்து வூட்டுல ரேடியோவை நிறுத்தச் சொல்லு, தூங்க முடியல.” நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். அதற்கு மேல் நாற்பது வருஷம் அவர் வீட்டில் இருக்கும்போது பாடவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இதை வசந்திக்குக்கூடச் சொன்னதில்லை.

நானும் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நான்தான் என்று.

ரவிக்கை முடிந்தது.

18, சனி

கடைசி ஒத்திகை. மழை, ஒத்திகைக்கு ஆறு பேர் தாமதம். ஆபீஸ்காரர்கள்.

மூன்றாவது சரணம் ஏறவில்லை. மற்ற இரண்டும் தானாக வருகிறது, இது கையில் பிடித்தால்தான் வருகிறது. அதைவிட ஒரு கேவலம். இரண்டாவது சரணம் முடிந்ததும் என் கால் தானாகத் திரும்ப, விறுவிறு என்று மேடையை விட்டு இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டேன். ராஜா சிம்மாசனத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வசந்தி பச்சைச் சேலையோடு அங்கே நின்றாள்.

“யம்மா, எங்க ஓடியார? சேலை எடுத்துக்கினு நிக்கறவ நானு. நீ பாடறவ. போ.”

மூன்று தடவை இப்படி ஆயிற்று. நாலாவது தடவை கட்டை விரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அம்பத்தூர் மகன் நாளைக்கு வரவில்லையாம். வேலை இருக்காம். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை. எழுதி வைத்தாயிற்று.

20, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர். நேற்றையதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஆறரைக்கு ஆரம்பம், ஏழுக்கு ஆரம்பித்தது. ஹால் முக்கால் நிறைந்தது. இன்டர்நெட்டில் கேட்டவர்கள் என்று ஒரு பத்துப் பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். ஒரு பெண் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவளாம். பாட்டி என்று கூப்பிட்டாள். பேரைச் சொன்னேன்.

முன் வரிசையில் கமலவேணி. நான் அழைக்கவில்லை. மருமகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். பட்டுச் சேலை, தலையில் கதம்பம்.

என் சீன். கந்தல், கூடை. வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, அது நல்லதுதான். முதல் சரணம், ‘பூவோ பூவென்று கூவி வந்தேன்’, சுத்தம். இரண்டாவது, ‘வாடாத பூவொன்று வைத்திருந்தேன் – அதை வாங்குவார் இல்லை இவ்வூரினிலே’. கால் திரும்பப் பார்த்தது. விடவில்லை.

மூன்றாவது. ‘கொன்றை தொடுத்த கை’ வந்தது. ‘கொண்டவரே’ வந்தது. அதற்கு அடுத்தது இல்லை. எங்கும் இல்லை. அறுபத்தேழு வயதில் ஒரு வரி மறந்தது நேற்றுத்தான். ஆர்மோனியக்காரர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். பத்மநாபன் முகம் வெளுத்தது, ராஜா பவுடருக்கு மேலேயே தெரிந்தது.

முன் வரிசையிலிருந்து அவள். மெதுவாக ஒன்றும் இல்லை. கொட்டகைக் குரலில், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி:

“காட்டில் விட்டீரே!”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் பிடித்துக்கொண்டேன். காட்டில் விட்டீரே, கண்ணாரப் பாரும். தாலிக் கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். ராஜா இறங்கி வந்து கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

கைதட்டல் நின்ற பாடில்லை. நடுவில் யாரோ ஒருவர் “ஒன்ஸ்மோர்” என்று கத்த, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் செத்துக் கிடக்கிற ராஜாவே ஒன்ஸ்மோருக்கு எழுந்து பாடிவிட்டு மறுபடி படுப்பார். இவர்களுக்கு அது தெரியாது.

“இப்ப என்ன பண்றதுமா?” பத்மநாபன் உதட்டை அசைக்காமல்.

“போய் சிம்மாசனத்துல உக்காருங்க.”

“முழுப் பாட்டுமா? முட்டி வலிக்கறதும்மா.”

“மூணும்.”

போய் உட்கார்ந்தார். கூடையை எடுத்தேன். முதலிலிருந்து பாடினேன். மூன்றாவது வந்தபோது ராஜாவைப் பார்த்துப் பாடவில்லை, நேராக முன் வரிசையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்துவிட்டாள். கையைக் காட்டி நிறுத்தினேன். ‘காட்டில் விட்டீரே’ என்னுடையது. கடைசி வரைக்கும் என்னுடையது. அவள் தலையை ஆட்டித் தாளம் மட்டும் போட்டாள்.

முடிந்ததும் பேசவில்லை. அவள் மருமகள் வந்து, “அத்தை உங்களை நல்லா பாடினீங்கன்னு சொல்லச் சொன்னாங்க” என்றாள். வாய் இருக்கிறதே, வந்து சொல்வது. கால் வீக்கம், சரி.

மாப்பிள்ளை இன்று காலையில் கடைக்குக் கிளம்பும்போது:

“அத்தே, பக்கத்துல பூக்காரி பாட்டை இன்னா பண்றது? பழசு அப்படியே இருக்கட்டா?”

“தூக்கிடுங்க. நேத்து டேப்புல புடிச்சதைப் போடுங்க. மூணு சரணம்.”

“மூணாவது யாரு சொன்னதுன்னு போடட்டா? கேப்பாங்க.”

பல்லி கத்தியது, வசந்தி குக்கரை இறக்கினாள்.

“போடுங்க. கமலவேணின்னு. பேரைச் சின்ன எழுத்துல போடுங்க.”

எல்லா எழுத்தும் ஒரே அளவில்தான் வரும் என்கிறார். சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும்.